பதினேழாவது வளைவு

போடியில் ஜீப்புக்காரர்களுக்குத்தான் முதலில் விடிகிறது. காலை 5 மணிக்கெல்லாம் தெருமுனைகளில் வண்டிகள் நின்று உறுமிக்கொண்டிருக்கின்றன. பெண்கள் ஒரு கையில் தூக்குவாளியும் மறு கையில் பழைய சட்டையுமாக இருட்டுக்குள்ளிருந்து வந்து ஏறுகிறார்கள். சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் ஆண்கள் சட்டை அது. முள்ளுக்கும் பூச்சிக்கும் வெயிலுக்கும் சேர்த்து ஒரே காப்பு. நான் ஏறியபோது உள்ளே பதினோரு பேர் இருந்தார்கள். இன்னும் மூன்று பேருக்கு இடமிருக்கிறது என்றார் ஓட்டுநர். அந்த மூன்று பேரும் வந்தார்கள். இடமும் எப்படியோ உண்டானது.

அன்று 2025 மார்ச் 7, வெள்ளிக்கிழமை. திருநீற்றுப் புதன் கழிந்து இரண்டாம் நாள், தவக்காலத்தின் முதல் வெள்ளி. என்னை அழைத்துப் போனவர் என் அம்மாவுக்குத் தெரிந்த ஒரு அக்கா. இருபத்தைந்து வருடங்களாகப் போடியிலிருந்து ஏலக்காட்டுக்குப் போய்வருகிறவர். பேர் எல்லாம் போட வேண்டாம் என்றார், அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அவர் அக்காதான்.

நான் எதற்காகப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிறு வயதிலிருந்து தவக்காலம் அனுசரிக்கிறவள் நான். புலால் விட்டிருக்கிறேன், காப்பி விட்டிருக்கிறேன், ஒரு வருடம் கைப்பேசியைக்கூட மாலை ஆறு மணிக்குமேல் தொடாமல் இருந்திருக்கிறேன். காப்பி விட்ட வருடம் பத்தாம் நாளே தலைவலி வந்தது. தலைவலியைவிட மோசமாகக் கோபம் வந்தது. வீட்டில் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தேன். உயிர்ப்பு ஞாயிறன்று கணக்குப் பார்த்தபோது, காப்பியில்லாமல் நாற்பது நாளைக் கடந்தது மட்டும்தான் மிச்சம். ஆண்டவரை நெருங்கியதாக ஒரு நொடிகூட நினைவில்லை. குறைக்க நிறைய வைத்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்கே இப்படியென்றால், குறைக்க எதுவுமில்லாதவர்கள் தவக்காலத்தை என்ன செய்கிறார்கள் என்ற கேள்வி அப்போதிருந்தே உள்ளே இருந்தது.

ஜீப் ஊரைத் தாண்டியதும் பேச்சு தொடங்கியது. எனக்கு எதிரில் இருந்தவர் முஸ்லிம் பெண். ரமலான் பிறந்து ஆறாம் நாள். இருட்டோடு சஹர் சாப்பிட்டு வந்தவர், இனிப் பொழுது சாயும்வரை தண்ணீர்கூட இல்லை. அவர் பக்கத்தில், பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடக்க மாலை போட்டிருந்த ஒரு பாட்டி. அக்காவைச் சேர்த்தால் அந்தச் சின்ன வண்டிக்குள் மூன்று நோன்பு. அவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மதியம் யார் தூக்குவாளியில் என்ன இருக்கும், யாரிடம் எதைக் கேட்கக்கூடாது என்பது மட்டும்தான் அவர்களுக்கு வேண்டிய செய்தி.

புதன்கிழமையும் அக்கா வேலைக்குப் போயிருக்கிறார். மாலை திரும்பி, குளித்து, கோயிலுக்கு ஓடி நெற்றியில் சாம்பல் வாங்கியிருக்கிறார். போன வருடக் குருத்து ஞாயிறன்று வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிலுவையாகப் பின்னி மாட்டிவைத்த ஓலைகளைத் திரும்ப வாங்கி எரித்தெடுத்த சாம்பல் அது. முழுக்க அழியாமல் வியாழன் காலையும் நெற்றியில் கொஞ்சம் இருந்திருக்கிறது. பழனிப் பாட்டி உற்றுப் பார்த்துவிட்டு, "உங்க கோயில்லயும் திருநீறுதானா?" என்று கேட்டாராம். "ஆமாத்தா, வருசத்துக்கு ஒரு நா" என்றாராம் அக்கா. விபூதிப் புதன் என்றும் திருநீற்றுப் புதன் என்றும் நம் முன்னோர் அந்த நாளுக்குப் பேர் வைத்தபோது, இப்படி ஒரு ஜீப்புக்குள் அந்தச் சொல் இத்தனை எளிதாகப் புழங்கும் என்று நினைத்திருப்பார்களா தெரியாது. எனக்குக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

முந்தல் வந்தது. வலப்பக்கம் குரங்கணிக்குப் பாதை பிரிகிறது. யாரோ ஒருவர் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். 2018 மார்ச் 11, அதுவும் ஒரு தவக்கால ஞாயிறு. குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற வந்த இளையவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஹெலிகாப்டர் வருவதற்கு முன்பே தீக்குள் ஏறிப்போனவர்கள் இந்த ஊர்க்காரர்கள். போர்வையில் தொட்டில் கட்டி, வெந்த உடல்களைத் தோளில் தாங்கி இருட்டில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். யாரென்றே தெரியாதவர்களின் பாரம் அது. சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையில் வருகிற சீரேனே ஊர் சீமோனும் வயற்காட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்தான், வழியில் போனவரைப் பிடித்துத்தான் சிலுவையைத் தோளில் ஏற்றினார்கள். அந்த நிலைக்கு நான் எத்தனையோ தரம் முழங்காலிட்டிருக்கிறேன். குரங்கணிப் பாதையைத் தாண்டும்போதுதான் அந்தக் கட்டையின் கனம் உறைத்தது.

முந்தலுக்குமேல் மலை ஏறத் தொடங்குகிறது. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். நின்றுகொண்டே தூங்குகிற கலை போல, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, வளைவு வந்தால் மொத்தமாக ஒரு பக்கம் சரிந்து, திரும்ப நிமிர்ந்து தூங்குகிறார்கள். அக்கா தூங்கவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் சின்னதாய்ச் சிலுவை அடையாளம் போட்டார். நாலாவது வளைவில்தான் எனக்குப் புரிந்தது.

"வளைவுக்கு ஒரு தலம். பதினாலு வளைவுல சிலுவைப்பாதை முடிஞ்சிரும். தவசுக் காலத்துல தெனமும் இப்பிடித்தான். கோயிலுக்கு வெள்ளிக்கெழம மட்டுந்தான போக முடியுது?"

சிலுவைப் பாதை எப்படிப் பிறந்தது என்று படித்திருக்கிறேன். எருசலேமுக்குப் பயணம் போய் ஆண்டவர் நடந்த தெருக்களில் நடக்க எல்லோராலும் முடியாது. போக முடியாதவர்களுக்காகப் பிரான்சிஸ்கன் துறவிகள் அந்தத் தெருக்களைத் தங்கள் ஊர்க் கோயில்களுக்குக் கொண்டுவந்தார்கள். நிலைகளின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் கூடியும் குறைந்தும் இருந்தது. 1731-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து பதினான்கு என்று உறுதி செய்தார். ஆக, போக முடியாதவர்களுக்கென்றே உண்டான செபம் அது. எருசலேமுக்குப் போக முடியாதவர் கோயிலில் நடக்கிறார். கோயிலுக்குப் போக முடியாதவர் ஜீப்பில் உட்கார்ந்து வளைவுகளை எண்ணுகிறார். அக்கா செய்வது ஏதோ குறுக்குவழி என்று எனக்குப் படவில்லை. அந்தச் செபம் தன் சொந்தக்காரரைத் தேடி வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

"பதினாலு போக மூணு வளைவு மிச்சமிருக்கே, அக்கா?"

"பதினஞ்சாவது எங்க வீட்டுக்காரருக்கு. போய்ச் சேந்து ஒம்பது வருசமாச்சு. பதினாறாவது இந்தா, வண்டி ஓட்டுற தம்பிக்கு. அவன் கையிலதான இத்தனை உசுரும் இருக்கு."

பதினேழாவதைப் பற்றி அவராகச் சொல்லவில்லை. நான் திரும்பக் கேட்டேன்.

"அது சும்மா. ஒண்ணுமே கேக்காம ஆண்டவரோட இருக்குறதுக்கு. பொழுதுக்கும் அதைக் குடு, இதைக் குடுன்னு அவரைப் புடுங்குனா, அவரும் எப்பத்தான் நம்மகூட உக்காருவாரு?"

நாற்பது நாள் காப்பி இல்லாமல் தேடியதை அந்தப் பெண் ஒரு வளைவில் வைத்திருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகாத வளைவு. அன்று பதினேழாவது வளைவு வந்தபோது நானும் எதையும் கேட்காமலிருக்கப் பார்த்தேன். எவ்வளவு கடினம் அது! வேண்டுதல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூக்கை நீட்டிக்கொண்டு வந்தன.

போடிமெட்டில் கேரள எல்லை. பூப்பாறைப் பக்கம் இறங்கியதும் மொழி மாறுகிறது, நோன்பின் கணக்கும் மாறுகிறது. நம் பக்கத்து இலத்தீன் வழிபாட்டு முறைக்காரர்களுக்குப் புதன்கிழமை தொடங்கியது. இந்தப் பக்கத்து சீரோ மலபார் சபையினருக்குத் திங்கட்கிழமையே விபூதி. ஞாயிறுகளை விட்டு எண்ணினால் நமக்கு நாற்பது நாள். ஞாயிறுகளையும் சேர்த்து எண்ணி அவர்கள் அதை ஐம்பது நோம்பு என்கிறார்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் எல்லாம் விடுகிற வீடுகள் உண்டு. பெரிய வெள்ளியன்று இடுக்கியின் குன்றுகளில் மரச்சிலுவை சுமந்து ஏறுவார்கள். வாகமண் குரிசுமலைக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். நோன்பை இத்தனை கட்டுப்பாடாகக் காக்கிற ஒரு கிறிஸ்தவத்தின் நிலத்தில்தான் போடிப் பெண்கள் கூலிக்கு இறங்குகிறார்கள்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் குளிர்ச்சி. பெரிய மரங்களின் நிழலில் ஏலச்செடிகள் ஆளுயரத்துக்குமேல் நின்றன. சில இடங்களில் செடியில்லாமல் திட்டுத் திட்டாக வெறும் மண். 2024 கோடையில் இடுக்கி வறட்சியில் கருகிப்போன இடங்கள் என்றார்கள். அங்கே பச்சை வலை கட்டி இளஞ்செடி வைத்திருந்தார்கள். காயெடுப்பு முடிந்துவிட்ட காலம். அன்றைய வேலை கவாத்து. காய்ந்த தட்டையையும் சருகையும் அறுத்து எடுத்துத் தூரைச் சுத்தம் செய்யும் வேலை.

ஏலக்காயை ஏலக்காயாக மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது. காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கிற சரத்தில், மண்ணுக்குப் பக்கத்தில் காய்க்கும். குந்தியோ மண்டியிட்டோதான் எடுக்க வேண்டும். ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்குக் குந்தியபடியே நகர வேண்டும். எட்டு மணிநேரம், சரிவில், வருடத்தில் ஆறேழு மாதம். அக்காவின் இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. கோயிலில் அவர் முழங்காலிடுவதில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"மண்டி போட வேண்டிய முட்டி எல்லாம் செடிக்கே போயிருச்சு தங்கச்சி. ஆண்டவருக்குத் தெரியும்."

பத்து மணிக்குக் கட்டன் சாயா வந்தது. தோட்டத்துக்காரர் வீட்டில் நோம்பு, பால் வாங்குவதில்லையாம். முஸ்லிம் பெண் தன் டம்ளரை அக்காவிடம் தள்ளினார். அக்கா காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்தவர், ஆனாலும் அதை ஒருவேளை மட்டும் உண்கிற ஒருசந்தி என்று சொல்ல மாட்டேன் என்றார். "ஒருசந்தி எல்லாம் உக்காந்து வேலை பாக்குறவங்களுக்கு. மலையேறுறவ பட்டினி கெடந்தா கால் தடுக்கும்." திருச்சபைச் சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. 18 வயதுமுதல் 59 வரை உள்ளவர்களுக்கு, திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே கட்டாய ஒருசந்தி. உடலுழைப்பில் நோகிறவர்களுக்கு விலக்கு உண்டென்பது பழைய மரபு.

ஒருசந்தி என்ற சொல்லே எனக்கு மதுரையை நினைவூட்டும். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, காவியுடுத்து, ஒரு நாளைக்கு ஒரே வேளை, அதுவும் சைவம் என்று வாழ்ந்தார். இந்த மண்ணில் கடவுளைப் பற்றிப் பேசுகிறவன் முதலில் வயிற்றைக் கட்ட வேண்டும் என்று அவருக்குப் புரிந்திருந்தது. இன்று போடி மதுரை உயர்மறைமாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. நொபிலியின் ஒருவேளைச் சோறு அவராகத் தேர்ந்துகொண்டது. தேர்ந்துகொள்ளாமலே ஒருவேளைச் சோறாகிப்போனவர்களும் இதே மண்ணில் அன்று இருந்திருப்பார்கள், இன்றும் இருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தை 1966 பிப்ரவரி 17 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் நேராகவே எழுதினார். நோன்பு விதிகளைத் திருத்திய அவரது ஆணையில், வசதியுள்ள நாடுகளின் கிறிஸ்தவர்கள் தன்னொறுத்தலுக்குச் சாட்சியாக வாழட்டும், இல்லாமையில் இருக்கிறவர்கள் சமூக நீதிக்காக எல்லா வழியிலும் பாடுபட்டுக்கொண்டே தங்கள் துன்பத்தைச் சிலுவையோடு சேர்த்துச் செபமாக்கட்டும் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். துன்பத்தை ஒப்புக்கொடுப்பதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். அதே வாக்கியத்தில் இருக்கிற நீதி என்ற சொல்லை அந்த அளவுக்குக் கேட்டதில்லை.

மதியம் மரத்தடியில் தூக்குவாளிகள் திறந்தன. வெள்ளி என்பதால் அக்காவிடம் கத்தரிக்காய்க் குழம்பு, கருவாடு இல்லை. நோன்பிருக்கிற பெண் சற்றுத் தள்ளி, கைகால் கழுவித் தொழுதுவிட்டு வந்து எங்களோடு சும்மா உட்கார்ந்தார். சாப்பாடு முடிந்து எல்லோர் மடியிலிருந்தும் வெற்றிலைப் பை வெளியே வந்தது, அக்காவைத் தவிர. அதுதான் அவர் தவக்காலத்துக்கு விட்டது. குளிருக்கும் பசிக்கும் அலுப்புக்கும் இந்தப் பெண்களுக்கு வெற்றிலைதான் துணை. அதை விடுவது என்னுடைய காப்பி மாதிரியல்ல. மிஞ்சுகிற காசு ஒரு பவுடர் டப்பாவில் சேர்கிறது. அதோடு தினம் உலை வைக்கும்போது எடுத்துவைக்கிற பிடி அரிசியும் பெரிய வெள்ளிக்கு முன் கோயிலுக்குப் போகும்.

"வெத்தலை கூட விட்ரலாம்," என்றார். "இன்னொண்ணுதான் முடியல. எங்க நாத்தனாரோட ரெண்டு வருசமாப் பேச்சில்ல. அடுத்த தெருதான். வீட்டுக்காரரு இருந்த வரைக்கும் ஒரே உலை. ஒரு எடத்து விசயம், வாய்த் தகராறுல போய் நின்னுச்சு. போன தவசுக்கும் பேசணும்னு நெனச்சேன். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பழனிப் பாட்டி மட்டும் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "திரும்புனியே, அதுவரைக்கும் போனேல்ல" என்றார்.

கூலியைப் பற்றிக் கேட்டேன். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்வரை போன நாட்கள் உண்டே, அப்போது எப்படி இருந்தது என்றேன். ஒரு பெண் சிரிக்காமல் சொன்னார்: "வெல ஏறுனா ஜீப்புல ஏத்துற ஆளு கூடும். வெல எறங்குனா வேலை நாளு கொறையும்." இதைவிடத் தெளிவாக இந்த வியாபாரத்தை யாரும் எனக்கு விளக்கியதில்லை. தோட்டத்துக்காரரைக் குறை சொல்ல அவர்கள் விரும்பவில்லை, நல்ல மனிதர் என்றார்கள். அவரும் ஒரு நோன்பாளி. அவர் விட்ட பால் எங்கள் டம்ளர்வரை வந்து சேர்ந்ததைப் பார்த்தேன். அவருடைய நோன்பு இந்தப் பெண்களின் கூலிவரை, இவர்கள் திரும்பிப்போகிற ஜீப்பின் இருக்கைவரை வந்து சேருமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். என் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவின் முகம் அப்போது நினைவுக்கு வந்தது. நான் காப்பி விட்ட வருடத்தில் அதிகம் திட்டு வாங்கியவர் அவர்தான்.

மூன்றரைக்கு வேலை முடிந்து, ஆறு மணிக்குப் போடியில் இறங்கினோம். அடிவாரத்தில் இலவ மரங்கள் இலையுதிர்ந்து காய் மட்டும் தொங்க நின்றன. வெடித்த காய்களிலிருந்து பஞ்சு பறந்து வேலியில் ஒட்டிக்கிடந்தது. அக்கா அவசரமாகக் குளித்து வெளிறிய ஊதாச் சேலைக்கு மாறினார். நடந்தே கோயிலுக்குப் போனோம்.

பீடத்தில் பூ இல்லை. ஊதாத் துணி மட்டும். அல்லேலூயா இனி உயிர்ப்புப் பெருவிழிப்பு இரவுவரை கிடையாது. சுவரில் பதினான்கு படங்கள், சட்டங்களில் சிலவற்றின் மூலை கரையான் அரித்திருந்தது. குரு, சிலுவை தூக்கிய பையன், மெழுகுவர்த்தியோடு இரண்டு பிள்ளைகள், பின்னால் அன்றைய கூட்டம். பாதிப்பேர் வேலையிலிருந்து நேராக வந்தவர்கள். சருகு வாசனையும் ஏலக்காய் ஸ்டோர்களில் காய் பிரிக்கிறவர்களின் துணியில் ஏறிய அந்த இனிப்பு நெடியும் மெழுகுப் புகையோடு கலந்திருந்தன. ஒவ்வொரு நிலையிலும் எல்லோரும் முழங்காலிட, அக்கா தூணைப் பிடித்தபடி தலையை மட்டும் தாழ்த்தினார். எட்டாம் நிலையில், அழுகிற எருசலேம் பெண்களிடம் ஆண்டவர் நின்று பேசும் இடத்தில், கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிறகு திருப்பலி. அந்த வெள்ளிக்குத் திருச்சபை குறித்திருக்கிற முதல் வாசகம் எசாயா நூலின் 58-ஆம் அதிகாரம். அதை இதற்குமுன் நான் சரியாகக் கேட்டதில்லை என்றே சொல்ல வேண்டும். நோன்பிருக்கிறோமே, கடவுள் ஏன் பார்க்கவில்லை என்று மக்கள் முறையிடுகிறார்கள். நோன்பு நாளிலும் உங்கள் ஆதாயத்தைத்தானே தேடுகிறீர்கள், வேலைக்காரர்களை வாட்டுகிறீர்கள், சண்டை போடுகிறீர்கள் என்று இறைவாக்கினர் திருப்பிக் கேட்கிறார். தலையைத் தொங்கப்போட்டுச் சாம்பலில் உட்காருவதா நான் கேட்ட நோன்பு, நுகத்தடியை அவிழ்ப்பதும் பசித்தவனோடு சோற்றைப் பகிர்வதும் உன் சொந்த இரத்தத்துக்கு முகத்தை மறைக்காமல் இருப்பதும் அல்லவா என்று கேட்கிறார். அப்படிச் செய்தால் நீ கூப்பிடும்போது ஆண்டவர் இதோ இருக்கிறேன் என்பார் என்று முடிகிறது. கடவுளை நெருங்க ஆசைப்படுகிற மக்களுக்கு, அதற்கென்று தனியாக ஒரு அடியையும் அவர் சொல்லித் தரவில்லை. வேலைக்காரரையும் பசித்தவரையும் சொந்தத்தையும் பார், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்கிறார். சொந்த இரத்தம் என்ற இடத்தில் அக்கா தூணிலிருந்து கையை எடுத்தார். நான் என் வீட்டுப் பாத்திரக்கார அம்மாவிடம் என்ன பேச வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது வாசலில் பத்து வயதுப் பையன் ஒருவன் தூக்குவாளியோடு நின்றான். காலையில் ஜீப்பில் எனக்கு எதிரில் இருந்தவருடைய மகன். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி.

"கறி கெடக்காடா?" என்றார் அக்கா.

"இல்ல பெரியம்மா. உங்களுக்கு வெள்ளிக்கெழம ஆகாதுன்னு அம்மா கேட்டுத்தான் வாங்கியாரச் சொல்லுச்சு. பருப்புக் கஞ்சிதான்."

அவன் ஓடிவிட்டான். அக்கா மூடியைத் திறந்து பார்த்தார். ஆவி வந்தது. இரண்டு பேர் தாராளமாகக் குடிக்கலாம். "நீயும் வா தங்கச்சி, ஆளுக்கு ஒரு டம்ளரு" என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூடியை அழுத்தி மூடினார்.

"நீ பஸ் ஸ்டாண்டுக்கு இப்பிடியே நேராப் போயிரு. கடைசி வண்டி ஒம்பதரைக்குள்ள கெளம்பிரும்."

அவர் வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். தெருவிளக்கின் கீழ் ஒரு கணம் நின்றார். பிறகு தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டு, வலிக்கிற காலை மெதுவாக எடுத்து வைத்து, நாத்தனார் இருக்கிற தெருவுக்குள் போனார்.